இ-இங்க் ரீடருக்கு எந்தத் திறமூல இயங்குதளம்? ராமநாதபுரக் கரையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காகிதம் போலத் தெரியும் திரையில் மின்னூல் படிக்கும் கருவியான இ-இங்க் ரீடர் வைத்திருக்கும் பெரும்பாலானவர்கள் இயங்குதளத்தை மாற்றவே வேண்டியதில்லை. கம்பெனி போட்டுத் தந்ததை அப்படியே விட்டுவிட்டு, அதன் மேல் கேஓரீடர் என்ற திறமூல (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) வாசிப்புச் செயலியைப் போட்டால் போதும். இயங்குதளத்தையே தூக்கிவிட்டு வேறொன்றைப் போடுவது, கம்பெனி கைவிட்ட பழைய கருவிக்கும், உள்ளே தோண்டிப் பார்க்கும் ஆசை உள்ள ஆளுக்கும்தான் சரிப்படும். ஏன் அப்படி, உங்கள் கருவிக்கு எது பொருந்தும், எப்படிப் போடுவது, தமிழ் எழுத்து உடையாமல் வர என்ன செய்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

நம் பக்கம் இந்தக் கேள்வி அடிக்கடி வரக் காரணம் உண்டு. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி ஊர்களில் வளைகுடாவிலோ மலேசியாவிலோ உறவு இல்லாத வீடு குறைவு. சபுராளி (வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்) வரும்போது பெட்டியில் கோபோ கம்பெனியின் ரீடர் ஒன்று வந்துவிடுகிறது. இங்கே கடையில் அதைப் பார்த்த ஆள் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள சர்வீஸ் சென்டரும் இல்லை. கிண்டில் வைத்திருப்பவர்களுக்கு வேறு கவலை. வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றிக்கொள்ளும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. காசு கொடுத்து வாங்கிய புத்தகம் நம் கையில்தான் இருக்கிறதா என்ற சந்தேகம் அதற்குப் பிறகு நிறையப் பேருக்கு வந்திருக்கிறது.

இன்னொன்று வெயில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், ஆட்களுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். பாம்பன் கரையில் அந்த வெயிலில் போன் திரையில் முகம்தான் தெரியும், எழுத்து தெரியாது. இ-இங்க் அந்த வெளிச்சத்தில்தான் இன்னும் நன்றாகத் தெரியும்.

இயங்குதளம் என்று எதைச் சொல்கிறோம்?

இது புரிந்தால் மீதி எல்லாம் எளிது. ரீடருக்குள் அடுக்கடுக்காக மென்பொருள் இருக்கிறது. அடியில் கருவியைத் தொடக்கி வைக்கும் பூட்லோடர், அதன் மேல் வன்பொருளை நிர்வகிக்கும் லினக்ஸ் கர்னல். கிண்டில், கோபோ, பாக்கெட்புக் எல்லாமே லினக்ஸ்தான். ஆண்ட்ராய்டு ரீடர்களின் அடியிலும் அதே லினக்ஸ். கர்னலுக்கு மேல் திரையை ஓட்டும் டிரைவர். அதற்கு மேல்தான் நாம் கண்ணால் பார்க்கும் முகப்பும் புத்தகத்தைத் திறக்கும் செயலியும். கோபோவில் அந்த முகப்புக்கு நிக்கல் என்று பெயர்.

சிக்கல் நடுவில் உள்ள அந்தத் திரை டிரைவரில் இருக்கிறது. இ-இங்க் திரையில் கறுப்பு, வெள்ளைத் துகள்களை மின்னழுத்தத்தால் மேலும் கீழும் நகர்த்துகிறார்கள். எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு மாற எவ்வளவு அழுத்தத்தை எத்தனை நேரம் கொடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு அட்டவணை உண்டு. அதை வேவ்ஃபார்ம் என்பார்கள். வெப்பநிலை மாறினால் அட்டவணையும் மாறும். திரைக்குத் திரையும் மாறும். இது திறந்த ஆவணம் இல்லை. கருவிக்குள் கோப்பாக இருப்பதைத்தான் எந்தத் திறமூல இயங்குதளமும் எடுத்துப் பயன்படுத்துகிறது. பழைய கோபோக்களில் இருக்கும் ஐ.எம்.எக்ஸ் சிப்பின் திரை டிரைவரோ லினக்ஸின் பொதுக் கர்னலில் இல்லை, கம்பெனி கொடுத்த பழைய கர்னலில் இருக்கிறது. ஆகவே கணினியில் உபுண்டு போடுவதைப் போல, கிடைத்த லினக்ஸை ரீடரில் போட முடியாது. ஒவ்வொரு மாடலுக்கும் யாரோ உட்கார்ந்து உழைத்திருக்க வேண்டும்.

முகப்பையும் வாசிப்புச் செயலியையும் மட்டும் மாற்றினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வள்ளத்தை அப்படியே வைத்துக்கொண்டு என்ஜினை மட்டும் மாற்றுகிற வேலை அது.

படி 1: என்ன வாசிக்கப் போகிறீர்கள்?

கருவியைப் பற்றி யோசிக்கும் முன் கோப்புகளைப் பாருங்கள். தமிழ் வாசகர்கள் கையில் பொதுவாக நான்கு வகை இருக்கும்.

முதலாவது, ஒழுங்கான யூனிகோட் இபப், அதாவது எழுத்து அளவை மாற்றிக்கொள்ளும் மின்னூல் வடிவம். இதற்கு எந்த ஆறு அங்குல ரீடரும் போதும். இரண்டாவது, ஸ்கேன் செய்த பழைய புத்தகத்தின் பிடிஎஃப். ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். எழுத்தைப் பெரிதாக்க முடியாது. இங்கேதான் கேஓரீடர் தன் திறமையைக் காட்டும். அதற்குள் இருக்கும் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற பகுதி பக்கத்தின் படத்தைச் சொல் சொல்லாக வெட்டி, திரை அகலத்துக்கு ஏற்ப மறுபடி அடுக்கித் தருகிறது. அதற்கு எழுத்தைப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, இடைவெளி தெரிந்தால் போதும். அதனால் தமிழ் ஸ்கேனிலும் நன்றாகவே வேலை செய்யும்.

மூன்றாவது, பள்ளிப் பாடநூல்களும் போட்டித் தேர்வுக் குறிப்புகளும். டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்கள், சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். பாடநூல் பிடிஎஃப்பில் நிறப் பெட்டி, வரைபடம், அட்டவணை, இரண்டு பத்தி என்று எல்லாம் கலந்திருக்கும். வெட்டி அடுக்கினால் குழம்பிவிடும். எந்த இயங்குதளத்தைப் போட்டாலும் ஆறு அங்குலத் திரையில் இது கஷ்டம்தான். பத்து அங்குலத் திரை வேண்டும், இல்லையென்றால் அச்சுப் புத்தகமே மேல்.

நான்காவது, கிண்டில் கடையில் வாங்கிய புத்தகம். அமேசான் 2016 டிசம்பரிலிருந்து தமிழ்ப் புத்தகங்களை விற்கிறது. அவற்றில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இருந்தால் கேஓரீடர் திறக்காது, வேறு எந்தத் திறமூல இயங்குதளமும் திறக்காது. உங்கள் வாசிப்பில் பாதிக்கு மேல் அந்தக் கடையிலிருந்துதான் என்றால் கிண்டிலை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கட்டுரையைப் பொழுதுபோக்காகப் படிக்கலாம்.

படி 2: போனில் ஒரு ஒத்திகை

கேஓரீடர் ஆண்ட்ராய்டிலும் ஓடும், திறமூலச் செயலிகளின் களஞ்சியமான எஃப்-டிராய்டில் கிடைக்கிறது. லினக்ஸ் கணினியிலும் ஓடும். ரீடர் வாங்குவதற்கு முன்பே, காசு செலவில்லாமல், உங்கள் சொந்தப் புத்தகங்களை அதில் திறந்து பார்க்கலாம். மெனு பிடிக்கிறதா, ஸ்கேன் பிடிஎஃப் தேறுகிறதா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். மெனு கொஞ்சம் அடர்த்தியானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரு அமைப்பு, அந்த அமைப்புக்குள் இன்னொரு அமைப்பு. வயதானவர்களிடம் கொடுப்பதாக இருந்தால் நீங்களே எல்லாவற்றையும் ஒருமுறை சரிசெய்துவிட்டுக் கொடுங்கள்.

கூடவே ஒரு சோதனைக் கோப்பு தயார் செய்துகொள்ளுங்கள். சாதாரண உரைக் கோப்பில் இந்தச் சொற்களைத் தட்டச்சு செய்யுங்கள்: கொக்கு, கோயில், தேங்காய், பௌர்ணமி, நூறு, கூட்டு, மூங்கில், பக்ஷி, ஸ்ரீ. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எல்லாம் யூனிகோடில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும், திரையில் முன்னால் காட்டப்பட வேண்டும். அந்த வேலையைச் செய்யும் பகுதி மென்பொருளில் இல்லையென்றால் கொம்பு தவறான பக்கம் நிற்கும், கால் தனியாகக் கழன்று தொங்கும், ஸ்ரீ துண்டு துண்டாகும். எந்தக் கருவியை, எந்த இயங்குதளத்தைப் பரிசீலித்தாலும் முதலில் இந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஆங்கில விமர்சனங்களில் எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும் இதில் தோற்றால் நமக்கு அது உதவாது.

படி 3: கருவி எவ்வளவு பூட்டியிருக்கிறது?

கோபோ: இருப்பதில் இதுதான் தாராளம். யூஎஸ்பியில் செருகி, குறிப்பிட்ட ஃபோல்டரில் ஒரு கோப்பை வைத்தால் ரீடரே அதை எடுத்து நிறுவிக்கொள்ளும். கம்பெனியின் பூட்டை உடைக்கும் ஜெயில்பிரேக் என்ற பேச்சே இல்லை. கர்னல் மூலநிரலையும் கம்பெனி வெளியிடுகிறது. 2024-ல் வந்த மாடல்களுக்கு ஐஃபிக்ஸிட் என்ற தளத்தோடு சேர்ந்து பழுது பார்க்கும் வழிகாட்டிகளும் கொடுத்திருக்கிறார்கள். பழைய கோபோக்களில் கிளாரா எச்டி, குளோ எச்டி போன்றவற்றின் சேமிப்பே உள்ளே இருக்கும் ஒரு மைக்ரோ எஸ்டி கார்டுதான். இது எவ்வளவு பெரிய வசதி என்பது படி 6-ல் தெரியும்.

பாக்கெட்புக்: இதுவும் நல்லது. கேஓரீடர் கோப்புகளை உரிய இடத்தில் விரித்துப் போட்டால் செயலிகள் பட்டியலில் வந்துவிடும்.

கிண்டில்: பூட்டியது. திறக்க ஜெயில்பிரேக் வேண்டும். 2025 தொடக்கத்தில் விண்டர்பிரேக் என்ற வழி வந்தது. பின்னர் வந்த ஃபர்ம்வேரில் (கருவிக்குள் கம்பெனி போடும் மென்பொருள்) அமேசான் அதை அடைத்தது. அப்புறம் ஆட்பிரேக் என்று இன்னொன்று வந்தது. இந்தக் கண்ணாமூச்சி தொடர்ந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே அமைப்புகளில் போய் ஃபர்ம்வேர் எண்ணைப் பாருங்கள், அந்த எண்ணுக்கு வழி இருக்கிறதா என்று கிண்டில் மாடிங் விக்கியில் தேடுங்கள். இருந்தால் உடனே ஏர்ப்ளேன் மோடில் போடுங்கள். வைஃபை திறந்திருந்தால் இரவோடு இரவாகப் புதுப்பித்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். ஜெயில்பிரேக் ஆன பிறகும் கிண்டிலின் சொந்த இயங்குதளம் அப்படியே இருக்கும். கேஓரீடரைத் தனியாகத் திறக்கலாம். கடைப் புத்தகத்துக்கு அது, மற்றவற்றுக்கு இது.

ஆண்ட்ராய்டு ரீடர்கள்: பூட்டெல்லாம் இல்லை, கேஓரீடரை நேரே நிறுவலாம். ஆனால் வேறு ஆண்ட்ராய்டு ரோம் (இயங்குதளத் தொகுப்பு) போடும் யோசனையை விட்டுவிடுங்கள். திரை வேகத்தையும் நிழல் படிவதையும் கட்டுப்படுத்தும் பகுதி கம்பெனியின் ரோமோடுதான் வருகிறது. லினக்ஸ் கர்னல் ஜிபிஎல் உரிமத்தில் உள்ளது, மாற்றிய மூலநிரலைக் கேட்டால் தர வேண்டும். இந்த வகைக் கருவி விற்கும் எல்லோரும் அதை மதிப்பதில்லை. திறமூலம் என்பதைக் கொள்கையாகப் பார்ப்பவர்கள் வாங்கும் முன் இதை விசாரியுங்கள்.

ரிமார்க்கபிள்: எழுதுவதற்கான பலகை. ரிமார்க்கபிள் 2-ல், கணினியிலிருந்து கருவிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் கடவுச்சொல்லை அமைப்புகளுக்குள்ளேயே காட்டிவிடுகிறார்கள். பேப்பர் புரோவில் டெவலப்பர் மோடை இயக்க வேண்டும், இயக்கினால் கருவியில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். டோல்டெக் என்ற மென்பொருள் தொகுப்பு சில பதிப்புகளோடு மட்டுமே ஒத்துப்போகும்.

பைன்நோட்: பைன்64 தயாரிப்பு. 10.3 அங்குலத் திரை, 4 ஜிபி ரேம், 128 ஜிபி சேமிப்பு, டெபியன் லினக்ஸோடு வருகிறது. உண்மையிலேயே முழுத் திறமூல இயங்குதளம் ஓடும் இ-இங்க் கருவி வேண்டுமென்றால் இதுதான். ஆனால் இது லினக்ஸ் தெரிந்தவர்களுக்கான சோதனைக் கருவி. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், கஸ்டம்ஸ் வரி உண்டு. கை வைக்கும் முன் அதன் வேவ்ஃபார்ம் பார்ட்டிஷனை (சேமிப்பில் தனியாகப் பிரித்த பகுதி) கட்டாயம் நகலெடுங்கள். அது கருவிக்குக் கருவி வேறு. அழிந்தால் இன்னொருவரிடம் வாங்கிப் போட முடியாது.

உள்ளங்கை அளவு சின்ன ரீடர்களும் இப்போது கிடைக்கின்றன. எக்ஸ்டீங்க் எக்ஸ்4 அவற்றில் ஒன்று. அதற்கு கிராஸ்பாயிண்ட் என்ற திறமூல ஃபர்ம்வேர் இருக்கிறது. உள்ளே இருப்பது இஎஸ்பி32-சி3 சிப், ரேம் சில நூறு கேபிதான். இவ்வளவு குறுகிய இடத்தில் தமிழ் எழுத்துச் சேர்க்கையைச் செய்யும் மென்பொருளை அடக்குவது லேசில்லை. சோதனைக் கோப்பைத் திறந்து காட்டாமல் யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.

படி 4: தேர்வு

கோபோ புதியது, நன்றாக ஓடுகிறது என்றால் நிக்கல் முகப்போடு கேஓரீடர். பாக்கெட்புக்கிலும் அதுவே. கேஓரீடரின் மெனு மிரட்டுகிறது, ஆங்கிலமும் பிடிஎஃப்பும்தான் அதிகம் என்றால் பிளேட்டோ என்ற இன்னொரு செயலி கோபோவுக்கு உண்டு. ரஸ்ட் நிரல்மொழியில் எழுதியது, இலகுவானது, வேகமானது. தமிழ் இபப்புக்கு என் ஓட்டு கேஓரீடருக்குத்தான்.

பழைய கோபோ, உத்தரவாதம் முடிந்தது, கம்பெனி கணக்கே வேண்டாம், விளையாடிப் பார்க்கும் மனசு இருக்கிறது என்றால் குவில் ஓஎஸ். முன்பு இன்க்பாக்ஸ் என்ற பெயரில் இருந்தது இதுதான். கோபோவுக்கென்றே எழுதிய முழு இயங்குதளம். நியா, கிளாரா எச்டி, குளோ எச்டி போன்ற மாடல்களில் ஓடுகிறது. சேமிப்பைக் குறியாக்கம் செய்து பூட்டும் வசதியும் அதில் உண்டு. ரீடரை ஒரு குட்டிக் கணினியாக்க வேண்டும், முனையத்தில் கட்டளை தட்டிப் பார்க்க வேண்டும் என்றால் போஸ்ட்மார்கெட்ஓஎஸ். அது ஆல்பைன் லினக்ஸ் அடித்தளத்தில் வந்தது. புத்தகம் படிப்பது அதன் முதல் நோக்கம் இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்குத் தமிழ் சார்ந்த ஒரு கணக்கு. திரை அடர்த்தி அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் நல்லது. பழைய கோபோ டச் போன்றவை 800க்கு 600 திரை. அதில் சின்ன எழுத்தில் மெய்யின் புள்ளி மங்கிப் போகும், ண-வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்துக்குப் போதுமான 212 புள்ளித் திரையில் தமிழுக்கு எழுத்தை ஒரு படி பெரிதாக வைக்க வேண்டியிருக்கும். பழைய கருவியில் தேடுவதென்றால் 2018-ல் வந்த கிளாரா எச்டி நல்ல தேர்வு. 300 புள்ளித் திரை, உள்ளே எடுக்கக்கூடிய கார்டு, எல்லாத் திறமூலத் திட்டங்களும் அதைத் தெரிந்துவைத்திருக்கின்றன.

படி 5: கோபோவில் கேஓரீடர் போடுவது

ரீடரைக் குறைந்தது பாதிக்கு மேல் சார்ஜ் செய்யுங்கள். முதல்முறை இயக்கும்போது கணக்குத் தொடங்கச் சொல்லும். அது வேண்டாமென்றால் கோபோவின் அமைப்புக் கோப்பில் சைடுலோடட் மோட் என்பதை இயக்கும் வரியைச் சேர்த்துத் தாண்டிவிடலாம்.

கணினியில் செருகி, மறைந்த கோப்புகளைக் காட்டும் அமைப்பை இயக்குங்கள். புள்ளியில் தொடங்கும் பெயர் கொண்ட கோபோ ஃபோல்டர் தெரியும். மொத்தச் சேமிப்பையும் கணினியில் ஒரு ஃபோல்டருக்கு நகலெடுத்து வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

பிறகு நிக்கல்மெனு. கோபோவின் சொந்த மெனுவில் நாம் விரும்பும் செயலிக்கு ஒரு பொத்தான் சேர்த்துத் தருவது இது. இதன் கோபோரூட் கோப்பை அந்த மறைந்த ஃபோல்டருக்குள் போட்டு, கணினியில் முறையாக எஜெக்ட் கொடுத்துக் கேபிளைக் கழற்றினால் ரீடர் தானே நிறுவிக்கொண்டு மறுபடி இயங்கும். எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கினால் கோப்பு பாதியில் நிற்கும், நிறுவுதல் நடக்காது.

அடுத்து கேஓரீடரின் கோபோ பதிப்பை இறக்கி, ஆட்ஸ் (.adds) என்ற மறைந்த ஃபோல்டருக்குள் விரியுங்கள். நிக்கல்மெனுவின் அமைப்புக் கோப்பில் கேஓரீடரைத் திறக்கும் வரியை, கேஓரீடரின் கையேட்டில் உள்ளபடி ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒட்டுங்கள். இன்னொரு வரியும் முக்கியம். புதிய கோபோ ஃபர்ம்வேர் மறைந்த ஃபோல்டர்களையும் துழாவி, கேஓரீடரின் சின்னச் சின்னப் படங்களை எல்லாம் புத்தகம் என்று நினைத்து நூலகத்தில் கொட்டிவிடும். அதைத் தடுக்கும் வரியும் அதே கையேட்டில் இருக்கிறது. இவ்வளவையும் கையால் செய்யப் பிடிக்காதவர்களுக்கு, எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் போட்டுத்தரும் நிறுவிகளும் விண்டோஸ், மேக், லினக்ஸுக்குக் கிடைக்கின்றன.

கம்பெனி புதுப்பிப்பு வந்து நிக்கல்மெனு போய்விட்டால் பதற வேண்டாம். அதை மட்டும் மறுபடி போட்டால் போதும், கேஓரீடரும் உங்கள் குறிப்புகளும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

படி 6: முழு இயங்குதளம் போடுவதென்றால்

குவில் ஓஎஸ் போட முடிவு செய்துவிட்டீர்களா? முதல் வேலை ரீடரைத் திறப்பது. கிளாரா எச்டியின் பின்மூடி கிளிப்பில் மாட்டியது. போன் சர்வீஸ் கடையில் இருக்கும் பிளாஸ்டிக் பிக் ஒன்றை வாங்கி ஓரத்தில் மெதுவாக ஓட்டினால் கழன்று வரும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் திரைக் கண்ணாடி விரியும், அதோடு கதை முடிந்தது. நாணல் தாளைப் போல மெல்லிசான கண்ணாடி அது. பேட்டரி உப்பியிருந்தால் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் கடைக்காரரிடம் கொடுத்து முதலில் அதை மாற்றுங்கள்.

உள்ளே இருக்கும் மைக்ரோ எஸ்டி கார்டை எடுத்துக் கணினியில் செருகுங்கள். இப்போது கோப்புகளை நகலெடுப்பது போதாது, மொத்தக் கார்டையும் ஓர் இமேஜாக, அதாவது அச்சு அசலான ஒரே நகல் கோப்பாக, எடுக்க வேண்டும். காரணம், கார்டின் தொடக்கத்தில் எந்தப் பார்ட்டிஷனிலும் சேராத இடத்தில்தான் பூட்லோடர், உங்கள் கருவியின் வன்பொருள் விவரம், முன்னே சொன்ன வேவ்ஃபார்ம் எல்லாம் இருக்கின்றன. ஃபோல்டரில் தெரியும் கோப்புகளை மட்டும் எடுத்தால் இவை வராது. லினக்ஸில் டிடி கட்டளை, விண்டோஸில் வின்32 டிஸ்க் இமேஜர் இதற்குப் போதும். எடுத்த இமேஜை இரண்டு இடத்தில் வையுங்கள்.

அப்புறம் பழைய கார்டைத் தொடவே தொடாதீர்கள். நல்ல கம்பெனியின் புதுக் கார்டு ஒன்றில் அந்த இமேஜை எழுதி, ரீடரில் போட்டு, பழையபடி இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் நகல் சரி என்று நிரூபணம் ஆகிவிட்டது. அந்தப் புதுக் கார்டில்தான் குவில் ஓஎஸ்ஸை அவர்களின் வழிமுறைப்படி போட வேண்டும். பிடிக்கவில்லையா, பழைய கார்டைச் செருகினால் பழைய ரீடர். இயங்குதளத்தை மாற்றும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் இந்தக் கார்டு நகல் பயன்படும். வயதான கோபோக்கள் நின்றுபோவதற்குக் கார்டு கெட்டுப்போவது ஒரு பொதுவான காரணம். இமேஜ் கையில் இருந்தால் ஒரு புதுக் கார்டின் செலவோடு முடியும்.

மாடல் எண்ணை மூன்று முறை சரிபாருங்கள். ஒரே பெயரில் வந்த கோபோவில் உள்ளே வேறு வேறு மின்சுற்றுப் பலகை இருப்பதுண்டு. பின்மூடியில் அச்சடித்திருக்கும் எண்தான் கணக்கு.

படி 7: தமிழுக்கான அமைப்புகள்

கேஓரீடரில் சோதனைக் கோப்பைத் திறந்து பாருங்கள். எழுத்து உடைந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது எழுத்துரு மெனுவில் இருக்கும் கெர்னிங் அமைப்பு. அதில் பெஸ்ட் என்ற நிலைதான் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகத்தை முழுதாகப் பயன்படுத்தி எழுத்துகளைச் சேர்க்கிறது. வேகத்துக்காக அதற்குக் கீழ் நிலையில் வைத்தால் கொம்பும் காலும் இடம் மாறும்.

அடுத்து எழுத்துரு. நோட்டோ செரிஃப் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, மூன்றும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. கேஓரீடருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் போடுங்கள். நீளமான நாவலுக்கு எனக்கு மீரா இனிமை பிடிக்கும். பழைய 212 புள்ளித் திரையில் நோட்டோ சான்ஸை எடை கொஞ்சம் கூட்டி வைத்தால் புள்ளிகள் தெளிவாகத் தெரியும். சில இபப்புகள் தங்களோடு ஒரு எழுத்துருவையும் கொண்டுவரும், நாம் தேர்ந்ததை மதிக்காது. புத்தகத்தோடு வரும் எழுத்துருவை அணைக்கும் பொத்தான் உண்டு, அணைத்துவிடுங்கள்.

வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூடுதலாக வையுங்கள். தமிழில் மேலே விசிறி, கீழே சுழி என்று இரண்டு பக்கமும் நீளும். இருபுறமும் சீராக்கும் அமைப்பை அணைத்து இடது பக்கம் மட்டும் ஒட்டவையுங்கள். நம் சொற்கள் நீளம். ஆறு அங்குல வரியில் மூன்று நான்கு சொல்தான் வரும். அதைச் சீராக்கினால் நடுவில் பெரிய ஓட்டைகள் விழும்.

அகராதிக்கு ஸ்டார்டிக்ட் வடிவக் கோப்புகளைப் போடலாம். ஆனால் ஆங்கிலத்தில் கிடைக்கும் சுகத்தைத் தமிழில் எதிர்பார்க்காதீர்கள். வந்துகொண்டிருந்தவர்களுக்காக என்ற சொல்லைத் தொட்டால் எந்த அகராதியிலும் அது அப்படியே இருக்காது. வேர்ச்சொல்லை நாமே திருத்தித் தேட வேண்டும். விக்கிப்பீடியா தேடலுக்குத் தமிழை மொழியாக வைத்தால் ஊர்ப்பெயர், ஆட்பெயர் நன்றாகவே கிடைக்கும்.

பக்கத்தில் முந்தைய பக்கத்தின் நிழல் தெரிந்தால் முழுப் புதுப்பித்தல் எத்தனை பக்கத்துக்கு ஒருமுறை என்ற எண்ணைக் குறையுங்கள். படங்கள் நிறைந்த புத்தகத்துக்கு ஒவ்வொரு பக்கமும் புதுப்பிக்கலாம், பேட்டரி கொஞ்சம் கூடுதலாகப் போகும்.

புத்தகம் எங்கே?

மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து பழந்தமிழ் நூல்களைத் தருகிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் 2013-லிருந்து இபப், மோபி, ஆறு அங்குலத்துக்கென்றே அளவெடுத்த பிடிஎஃப் எல்லாம் கிடைக்கும். ஆறு அங்குல பிடிஎஃப்பை விட இபப்பையே எடுங்கள், எழுத்து அளவை மாற்றலாம். தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகமும் விக்கிமூலமும் உண்டு. கடலுக்கு அந்தப் பக்கத்து இலங்கை எழுத்துக்கு நூலகம் திட்டம். பெரும்பாலும் ஸ்கேன், அதனால் வெட்டி அடுக்கும் வசதி அங்கே கைகொடுக்கும். பழைய பாமினி, டிஸ்கி குறியாக்கக் கோப்புகள் கிடைத்தால் நேரே ரீடரில் போடாதீர்கள், யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள். ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பில் அதற்கு மாற்றிகள் இருக்கின்றன. தமிழ் பிடிஎஃப்பைக் கேலிபர் என்ற மின்னூல் மென்பொருளில் இபப்பாக மாற்றுவது மட்டும் வேண்டாம். கொம்பும் மெய்யும் கலைந்து வெளியே வரும்.

உப்பு, மணல், வெயில்

நம் கரைக்கு இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். நீர்புகாத் தரம் என்று போட்டிருப்பது நன்னீரை வைத்துச் சோதித்தது. கிண்டில் பேப்பர்வைட்டுக்கு அமேசான் சொல்லும் கணக்கைப் பாருங்கள்: நன்னீரில் 2 மீட்டர் ஆழத்தில் 60 நிமிடம், கடல்நீரில் 0.25 மீட்டரில் 3 நிமிடம். வித்தியாசம் புரிகிறதா? கடல்நீர் பட்டால் நன்னீரில் கழுவி, நன்றாகக் காயும் வரை சார்ஜ் போடக் கூடாது. நீர்புகா மாடலைத் திறந்தால் அந்த முத்திரை போய்விடும் என்பதால் அவற்றில் படி 6 வேண்டாம். கிளாரா எச்டி முதலிலிருந்தே நீர்புகாத கருவி இல்லை, ஆகவே இழக்க ஒன்றுமில்லை.

சார்ஜிங் துளைதான் முதலில் துருப்பிடிக்கும் இடம். கச்சான் காற்று காலத்தில் மணல் பறக்கும்போது ஒரு ரப்பர் மூடியோ, மூடும் கவரோ அவசியம். மதிய வெயிலில் படகின் மேல்தட்டிலோ, காரின் முன்கண்ணாடிக்குக் கீழோ ரீடரை விட்டுவிடாதீர்கள். வெயிலில் வைத்து வாசிக்கலாம், வெயிலில் போட்டுவிட்டுப் போகக் கூடாது. தனுஷ்கோடிப் பக்கம் போனால் வேறு ஒரு தொல்லை: போன் இலங்கை சிக்னலைப் பிடித்துக்கொள்ளும். ஹாட்ஸ்பாட் போட்டு ரீடரில் புத்தகம் இறக்குவதை அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசிச் சோதனை

எல்லாம் போட்ட பிறகு இரண்டு விஷயம் பாருங்கள். இரவு படுக்கும் முன் பேட்டரி எவ்வளவு என்று குறித்துவிட்டு, ரீடரைத் தூங்கவிட்டுக் காலையில் பாருங்கள். கம்பெனி இயங்குதளத்தில் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் இறங்காது. மாற்று இயங்குதளத்தில் அதிகம் இறங்கினால் வைஃபை அணைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். அணைந்தும் இறங்கினால் அந்த மாடலில் தூக்க நிலை இன்னும் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. அப்படியானால் பழைய கார்டுக்குத் திரும்பி, கேஓரீடரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உங்கள் குறிப்புகள். கேஓரீடர் ஒவ்வொரு புத்தகத்துக்கும் பக்கத்திலேயே எஸ்டிஆர் என்று முடியும் ஃபோல்டரில் அடிக்கோடு, பக்க எண் எல்லாவற்றையும் சாதாரண உரைக் கோப்பாக வைக்கிறது. ரீடரை மாற்றினாலும் புத்தகத்தோடு அந்த ஃபோல்டரையும் சேர்த்து எடுத்துச் சென்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். புத்தகங்களை நகலெடுக்கும்போது இதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. கணினியில் தானாக நகல் எடுக்கும் பட்டியலில் ரீடரின் புத்தக ஃபோல்டரை மொத்தமாகச் சேர்த்துவிடுங்கள், தனித்தனி இபப் கோப்புகளாக வேண்டாம்.